சூரியன் எழும்பாத ஊரில் ஒரு தைப்பொங்கல்

பொங்கலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தரும் தகுதி எங்களுக்கு இல்லை. இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் அநேகர் நெல் விதைத்தவர்கள், வரம்பு கட்டியவர்கள், பின்னர் நெல்லையும் வரம்பையும் விட்டுவிட்டு ஓர் இரவில் வெளிக்கிட்டவர்கள். இன்னொருவருடைய வளவிலும், பாடசாலை முற்றத்திலும், தறப்பாள் கொட்டிலின் முன்னாலும் மூன்று கல்லை வைத்துப் பொங்கியவர்கள். அதே பொங்கலை, மண் கண்ணுக்குத் தெரியாதபடி பனி மூடிய ஒரு நாட்டில், அந்நியராக இருந்து பொங்கிய கதையைத்தான் நாங்கள் இங்கே சொல்லப்போகிறோம். பெரிய கதை அல்ல. ஆனால் அதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றபடியால் எழுதுகிறோம்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். செம்மண் தோட்டம், வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை. கொஞ்சம் தள்ளி ஆறு பரப்பு வயல், மழையை நம்பி மொட்டைக்கறுப்பன் விதைப்பது. எங்களில் ஒருவர் 1987இல் நோர்வேக்குப் போனார். மற்றவர் 1990இல், ஊர் முழுதும் இடம்பெயர்ந்த அதே ஆண்டில், போய்ச் சேர்ந்தார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம். ஆகவே யார் எதைச் சொல்கிறார் என்று நீங்கள் தேட வேண்டியதில்லை.

நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. 1956இல் இங்கிருந்து புறப்பட்டு அங்கே போன அன்ரனி இராஜேந்திரம் அவர்கள், பின்னர் அந்நாட்டு நண்பர்களின் உதவியோடு சீநோர் நிறுவனத்தைத் தொடக்கி வைத்ததைக் குருநகரிலும் காரைநகரிலும் மூத்தவர்கள் அறிவார்கள். எண்பதுகளில் அங்குள்ள நாட்டுப்புற உயர்பள்ளிகளில் படிக்கவென்று இளைஞர்கள் போனார்கள். 1983க்குப் பின்னர் அகதிகளாகப் போனவர்களே அதிகம். நாட்டின் வட கோடியில், பின்மார்க் என்னும் மாவட்டத்தின் மீன் தொழிற்சாலைகளில் ஆள் தட்டுப்பாடு இருந்தது. அவ்வூர் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன மேசைகளில் கத்தியோடு போய் நின்றவர்கள் நம்மவர்கள். தோட்டக்காரன் மகன் கொட் மீன் வெட்டப் பழகினான். முதல் மாதம் விரலில் காயமில்லாத நாளே இல்லை.

திசை எது?

நாங்கள் இருந்தது ஹமர்பெஸ்ட் நகருக்கு அப்பால் ஒரு சிறிய மீன்பிடித் துறை. வடக்கே எழுபது பாகைக்கும் மேலே. அந்த உயரத்தில் நொவெம்பர் மூன்றாம் கிழமை அளவில் மறையும் சூரியன், ஜனவரி 20, 21 வரை எழும்புவதில்லை. இரண்டு மாதமும் கும்மிருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியானத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் நீல நிறமாக ஒரு மங்கல் வெளிச்சம் வரும். பனி அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். பிறகு திரும்பவும் இரவு.

பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15. சூரியன் வருவதற்கு இன்னும் ஆறேழு நாள் இருக்கிறது. விருந்தாளி வருமுன் இலை போட்ட மாதிரித்தான்.

1988இல் முதற் பொங்கல். ஏழு இளைஞர்கள் ஒரு வீட்டில். சைவரும் இருந்தோம், கத்தோலிக்கரும் இருந்தோம், பானை ஒன்றுதான். எப்போது பொங்குவது என்று முதல் நாளிரவே வாக்குவாதம். யாழ்ப்பாணத்தில் காலை ஆறரை மணி என்றால் அங்கே இரவு இரண்டு மணி. ஊரில் பொங்கும் நேரத்திலேயே பொங்குவோம், அங்கே காண்கிற சூரியன் எங்களுக்கும் சேர்த்துத்தானே என்றான் ஒருவன். சூரியன் வருகிற நாள்வரை பொறுப்போம் என்றான் இன்னொருவன். வேலை ஏழு மணிக்கு. வேலைக்கு முன் எப்படியாவது முடிக்க வேண்டும் என்பது மற்றவர்களின் கவலை.

எங்களோடு வயதில் மூத்த ஒருவர் இருந்தார். ஊரில் ஆசிரியராக இருந்தவர், அங்கே மீன் பெட்டி அடுக்கினார். எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். அவர் சொன்னார், பொங்கல் சூரியனைப் பார்க்கிற நாள் அல்ல, சூரியன் மகரத்துக்குள் போகிற நாள். நீ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவர் போவார் என்று. அடுத்த பிரச்சினை, பானையை எந்தத் திசை பார்த்து வைப்பது? எழும்பாத சூரியனுக்குக் கிழக்கு எது? இரண்டு மாதம் மறைந்திருந்த சூரியன் அந்த ஊரில் முதலில் தலை காட்டுவது கிழக்கில் அல்ல, நடு மத்தியானத்தில், நேர் தெற்கில். தெற்கே தொடுவானத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கிவிடும்.

“சூரியன் எங்கை எழும்புறாரோ அதுதானடா கிழக்கு. தெற்குப் பக்கம் வை பானையை” என்றார் மாஸ்டர்.

“தெற்கு யமன்ரை திசையெல்லோ, மாஸ்டர்?”

“எங்கடை வீடும் அந்தப் பக்கம்தான் கிடக்கு.”

அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. தெற்குப் பக்க யன்னலுக்கு நேரே இருந்த மின் அடுப்பில் பானை ஏறியது.

அந்த மாதம் 21ஆம் திகதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலையில் வேலை செய்த அத்தனை பேரும் வெளியே போய் நின்றார்கள். நாங்களும் போனோம். கடலுக்கு மேலே சிவப்பாக ஒரு கீறல் தெரிந்தது. ஐந்து நிமிடம் இருந்திருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வெளிச்சத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், பெரிய மனிதர்கள். சூடு ஒன்றும் இல்லை. வார்டோ என்ற ஊரின் பழைய கோட்டையில், சூரியனின் முழு வட்டமும் தெரிகிற முதல் நாளில் பீரங்கி முழக்குவார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. துரொம்சோ நகரத்தில் அன்றைக்கென்று இனிப்புப் பணிஸ் சுட்டு விற்பார்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பிள்ளைகள் கைதட்டுகிற ஊரும் உலகத்தில் இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தை பிறந்தால் உத்தராயணம், சூரியன் வடக்கு நோக்கி நடக்கிறான் என்று சிறு வயதில் படித்தோம். அது வெறும் பஞ்சாங்கச் சொல்லாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம்; யார் கவனிக்கப் போகிறார்கள்? கணக்குப்படி பார்த்தால் சூரியன் வடக்கே திரும்பத் தொடங்குவது டிசெம்பர் 21, 22இல். நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணிப்பதனால், பல நூற்றாண்டுகளில் அந்த நாளுக்கும் பொங்கலுக்கும் இடையில் மூன்று கிழமைக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. ஆனால் பின்மார்க்கில் அந்த இடைவெளியே சரியாக வந்து பொருந்துகிறது. பொங்கி முடித்து ஒரு கிழமையில், வடக்கு நோக்கி நடந்த சூரியன் உண்மையிலேயே வாசலுக்கு வந்து நிற்கிறது. மே நடுப்பகுதியிலிருந்து யூலை முடியும்வரை மறைவதே இல்லை. உத்தராயணம் என்ற சொல்லின் பொருளை நாங்கள் ஊரில் அல்ல, அங்கேதான் கண்டோம்.

பானையும் பக்கத்து வீட்டு ஆச்சியும்

1990க்குப் பின் நாங்கள் தனிக் குடித்தனம். பொங்கலுக்குத் தேவையானவற்றை நீங்கள் அறிவீர்கள். அங்கே கிடைத்ததை மட்டும் சொல்கிறோம். புதுப்பானைக்குப் பதில் வெள்ளிரும்புச் சருவம். மஞ்சளிலையும் இஞ்சியிலையும் இல்லை; நூலில் மஞ்சள்தூளைத் தோய்த்து, ஓர் இஞ்சித் துண்டைக் கோத்துப் பானையின் கழுத்தில் கட்டினோம். கரும்பு இல்லை. வாழையிலையை வெள்ளிக் காகிதத்தில் சுற்றி ஒஸ்லோவிலிருந்து ஒரு நண்பர் தபாலில் அனுப்பினார். வந்து சேர்ந்தபோது புகையிலை மாதிரிக் கறுத்திருந்தது. தோட்டக்காரர் என்றபடியால் அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. வாசலில் கோலம் போடப் போனால் வெள்ளைப் பனியில் வெள்ளை அரிசிமா தெரியவில்லை. கோப்பித் தூளால் போட்டோம். பனியில் கோப்பித் தூள் நன்றாகவே எடுக்கும். தேவைப்படுவோர் கைக்கொள்ளலாம்.

அரிசிதான் பெரிய தலைவலி. கடையில் இருந்தது நீளமான, ஒட்டாத அரிசி. அதைப் பொங்கினால் பொலபொலவென்று உதிர்ந்தது. பொங்கும்போது வழிந்த பால் மின் அடுப்பின் சூட்டுத் தட்டில் கருகி, புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வந்தார். அறுபதை நெருங்கிய மனுஷி. மகள் பேசப் பழகியதிலிருந்து ‘ஆச்சி’ என்றே கூப்பிட்டாள், அவரும் அதையே தன் பெயராக எடுத்துக்கொண்டார். ஒரு கதிரையில் ஏறி மணியைக் கழற்றிவிட்டு, சருவத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“அரிசிக் கஞ்சிதானே காய்ச்சுகிறீர்கள்? ஏன் இந்த அரிசியில்?” என்று கேட்டார்.

தன் வீட்டுக்குப் போய் ஒரு பொதி கொண்டுவந்தார். குட்டையான, உருண்டையான வெள்ளை அரிசி. நோர்வேக்காரர் கஞ்சி அரிசி என்றே அதைக் கூப்பிடுவார்கள். பாலில் மெல்ல மெல்ல வேகவைத்து, சீனியும் கறுவாத் தூளும் தூவி, நடுவில் ஒரு துண்டு பட்டர் வைத்துச் சாப்பிடுவார்கள். நத்தார்க் காலத்தில் அந்தக் கஞ்சி இல்லாத வீடு இல்லை. தோலுரித்த ஒரு பாதாம் பருப்பை அதற்குள் ஒளித்து வைப்பார்கள், யாருடைய கிண்ணத்தில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அன்று முதல் எங்கள் பொங்கல் அந்த அரிசியில்தான். நன்றாகக் குழையும், பயறோடும் சர்க்கரையோடும் நன்கு சேரும்.

ஆச்சி இன்னொன்றும் சொன்னார். அவருடைய பிள்ளைக் காலத்தில் நத்தார் இரவு ஒரு கிண்ணம் கஞ்சி மாட்டுக்கொட்டிலுக்குப் போகும். கொட்டிலில் நிஸ்ஸே என்று ஒரு குள்ளர் இருப்பதாக நம்பிக்கை. மாடுகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கஞ்சி வைக்க மறந்தாலோ, பட்டர் வைக்காமல் விட்டாலோ கோபித்துக்கொண்டு மாடுகளுக்குத் தொந்தரவு கொடுப்பார். நாங்கள் பட்டிப் பொங்கலைப் பற்றிச் சொன்னோம். மாட்டைக் குளிப்பாட்டிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம், மாலை போடுவோம் என்று கேட்டதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். ‘எங்கள் மாட்டை யாரும் கும்பிட்டதில்லை, ஆனால் அதன் காவல்காரருக்குப் பயந்திருந்தோம்’ என்றார்.

அடுத்த ஆண்டு பட்டிப் பொங்கலன்று மகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய உறவினரின் பண்ணைக்குப் போனோம். அந்தப் பகுதியில் மாடு ஆண்டில் பாதிக்கு மேல் கொட்டிலுக்குள்ளேதான். குறுகிய கோடையில் வெட்டிக் காயவைத்த புல்லைத்தான் மீதிக் காலம் முழுதும் தின்னும். புல் பிழைத்தால் மாடும் பிழைக்கும். முன்னாளில் அங்குள்ள குடும்பங்கள் இரண்டு மாடு, சில ஆடு, ஒரு வள்ளம் என்று கடலையும் நிலத்தையும் சேர்த்துத்தான் சீவித்தன. ஆண்கள் கடலுக்குப் போக, மாடும் புல்லும் பெண்கள் பாடு. பண்ணைக்காரர் மாட்டின் நெற்றியில் பொட்டு வைக்க விட்டார். மாலைக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. தின்றுவிடும் என்றார், அதுவும் சரிதான்.

1996

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. நீங்கள் அந்தத் தெருவில் நடந்தவர்கள். நாங்கள் அதை பி.பி.சி. தமிழோசையில் கேட்டவர்கள். 1990இல் ஊரை விட்ட அம்மாவும் அப்புவும் தம்பியும் மானிப்பாயில் ஒரு வீட்டின் பின் அறையில் இருந்தார்கள். (அம்மா எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமி.) அந்த இரவுக்குப் பின் ஒரு செய்தியும் இல்லை. வன்னிக்குப் போனார்களா, தென்மராட்சியில் நிற்கிறார்களா, வழியில் ஏதும் நடந்ததா, எதுவும் தெரியாது. நொவெம்பர் போயிற்று, சூரியனும் போயிற்று. டிசெம்பரும் போனது. இந்த முறை பொங்குவதில்லை என்று இருவரும் பேசாமலே தீர்மானித்துவிட்டோம்.

வேலையில் கை தவறியது. ஆச்சி என்ன என்று கேட்டார். சொன்னோம். ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் நடந்தே வெளியேறினார்கள், ஒக்டோபர் கடைசியில், என்று.

அவர் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்களையும் ஒக்டோபர் கடைசியில்தான் எழுப்பினார்கள்” என்றார்.

அதுவரை அவர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 1944இல் சோவியத் படை முன்னேறி வர, பின்வாங்கிய ஜெர்மன் படைக்கு, எதிரிக்கு ஒரு கூரைகூட விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஒக்டோபர் 28ஆம் திகதி. பின்மார்க்கிலும் அதை அடுத்த பகுதியிலும் இருந்த மக்களில் ஏறக்குறைய 50,000 பேர் பலவந்தமாகத் தெற்கே அனுப்பப்பட்டனர். சுமார் 25,000 பேர் போக மறுத்துக் குகைகளிலும், புல்மண் குடிசைகளிலும், கவிழ்த்த வள்ளங்களின் கீழும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 11,000 அளவிலான வீடுகளும், 4,700 மாட்டுக்கொட்டில்களும், 27 தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. ஹமர்பெஸ்ட் நகரில் மிஞ்சியது ஒரேயொரு கட்டடம், இடுகாட்டுச் சிற்றாலயம். அந்தத் துறையில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஏன் இருக்கின்றன என்று நாங்கள் பலமுறை யோசித்ததுண்டு. எல்லாம் எரிந்தபின் கட்டியவை.

ஆச்சிக்கு அப்போது பத்து வயது. இரண்டு மாடு இருந்தனவாம். படகில் மாட்டுக்கு இடமில்லை என்று சிப்பாய் சொன்னான். அவருடைய தகப்பன் தானே அவற்றைக் கொன்றார், பட்டினி கிடந்து சாக விட மனமில்லாமல். படகு துறையை விட்டு வரும்போதே கொட்டிலில் நெருப்புத் தெரிந்தது. அந்த நத்தாருக்கு அவர்கள் இருந்தது தெற்கே, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டின் மேல்மாடத்தில். வீட்டுக்காரர் கொஞ்சம் அரிசியும் அரைப் போத்தல் பாலும் கொடுத்தார்கள். தாய் தண்ணீர் விட்டுக் கஞ்சி காய்ச்சி, எல்லாருக்கும் ஊற்றி, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் வைத்தார். மாடும் இல்லை, கொட்டிலும் இல்லை, யாருக்கு என்று தம்பி கேட்டானாம். தாய் பதில் சொல்லவில்லை.

“எனக்கும் இன்றுவரை தெரியாது, யாருக்கு என்று” என்றார் ஆச்சி.

போர் முடிந்த 1945இலேயே, இப்போதைக்குத் திரும்ப வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லியும், சனங்கள் கிடைத்த படகில் ஏறித் திரும்பி வந்தார்கள். ஆச்சியின் குடும்பமும் வந்தது. பல ஆண்டுகள் பலகைக் கொட்டில் சீவியம்.

பொங்கலன்று பின்னேரம் கதவு தட்டப்பட்டது. ஆச்சி நின்றார், கையில் கஞ்சி அரிசிப் பொதி.

“இன்றைக்குத்தானே உங்கள் கஞ்சி நாள்?”

நாங்கள் மழுப்பினோம். அவர் வற்புறுத்தவும் இல்லை, போகவும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் வந்து உட்கார்ந்தார். நாலு வயது மகள் சுளகு எங்கே என்று கேட்டாள். புகை மணியைக் கழற்றினோம். பின்னேரம் ஐந்து மணிக்கு, வெளியே நடுச்சாம இருட்டு, பால் வைத்தோம். மகள் மூன்று முறை கை நிறைய அரிசி அள்ளிப் போட்டாள், பாதி அடுப்பில் கொட்டியது. பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பது நம் வழக்கம். அன்று அதைப் பார்க்கிற துணிவு எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் ஆச்சி ஒரு சிறு கிண்ணத்தில் பொங்கலை எடுத்து, மேலே பட்டர் வைத்து, வாசற்படியில் பனியின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் கிண்ணம் வெறுமையாக இருந்தது. பூனையாக இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு கடிதம் வந்தது. வவுனியாவுக்கு வந்த யாரோ ஒருவர் கையில் அம்மா கொடுத்துவிட்டது. கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் இருந்தார்கள். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறோம்:

“பள்ளிக்கூட வளவிலை கன குடும்பம் இருக்கிறம். சுகம். அப்பு கூலிக்கு வரம்பு வெட்டப் போறார். பொங்கலுக்கு நிவாரண அரிசிதான், புழுங்கல். புழுங்கலிலை பொங்கக்கூடாது எண்டு சிலபேர் சொல்லிச்சினம். வேறை என்ன செய்யிறது? பாலும் இல்லை. பாதித் தேங்காய் கிடைச்சுது, பிழிஞ்சு விட்டன். சீனி ஒரு சுண்டு கடன். ஆனா பொங்கிச்சுது பிள்ளையள். வடக்குப் பக்கம்தான் வழிஞ்சது. நீங்கள் பொங்கினனீங்களோ?”

பொங்கினோம் என்று எழுத முடிந்தது. அந்த ஒரு வரியை எழுத முடிந்ததற்கு நாங்கள் ஆச்சிக்குக் கடமைப்பட்டவர்கள்.

பிறகு

2001இல், பிள்ளைகளின் படிப்புக்கென்று, வடக்கே இருந்த நம்மவர் பலரையும்போல நாங்களும் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். அப்பு 1999இலேயே மல்லாவியில் கண்மூடிவிட்டார். அம்மாவும் தம்பி குடும்பமும் கிளிநொச்சிக்குத் திரும்பினார்கள். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. சனம் கிழக்கே தருமபுரம், விசுவமடு என்று தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பொங்கலுக்கு ஒஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் பானை ஏறவில்லை. எங்கள் வீட்டிலும்தான். பொங்குவது பாவம் போலப் பட்டது.

அம்மா முள்ளிவாய்க்காலைத் தாண்டி, செட்டிகுளம் முகாமைத் தாண்டி, 2010இல் மானிப்பாய்க்கு வந்து தொலைபேசியில் பேசினார். பல நாட்களின் பின் ஒரு தடவை, அந்த வருஷம் பொங்கினனீங்களோ என்று கேட்டார். இல்லை என்றோம், நீங்கள் அந்த நிலையில் இருக்கும்போது எப்படிப் பொங்குவது என்று.

“நாங்களும் பொங்கேல்லை. அதுக்கு எங்கை வழி? ஆனா அண்டைக்கு முழுக்க, அங்கை நீங்கள் பொங்குவியள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்” என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆச்சியின் தாய் படியில் வைத்த கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது. எங்களைச் சரி என்பவரும் இருப்பார், பிழை என்பவரும் இருப்பார். துக்கத்தில் பொங்காமல் விடுவது நம் முறைதான். ஆனால் எங்கள் துக்கத்தை நாங்கள் காட்டிக்கொண்ட அந்த நாளில், அம்மாவுக்குத் தேவைப்பட்டது வேறு ஏதோ.

அம்மா 2013இல், தன் வளவை மிதிக்காமலே போய்விட்டார். 2015இல் வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளில் எங்கள் தோட்டத்தில் பாதி வந்தது. கிணறு இந்தப் பக்கம், வீடு இருந்த இடம் வேலிக்கு அந்தப் பக்கம். தம்பி கிணற்றடியில் கொட்டில் போட்டு வெங்காயம் வைத்தான்.

ஒஸ்லோவில் இப்போது பொங்கலுக்குக் குறைவில்லை. கரும்பும், மண்பானையும், வாழையிலையும் தமிழ்க் கடைகளுக்கு வருகின்றன. மண்டபம் எடுத்து, வசதியான ஒரு சனிக்கிழமையில், பேச்சும் நடனமும் பரிசும் வைத்துப் பொங்குகிறார்கள். நாங்களும் போவோம். மேடையில் ஒரு பானை பொங்கும், சாப்பாடு வேறு இடத்திலிருந்து பெட்டியில் வரும். குறையாகச் சொல்லவில்லை, ஆயிரம் பேருக்கு யார் கிண்டுவது? ஆனால் வீட்டில், அந்த நாளில், வேலைக்கு முன் பொங்குவதை நாங்கள் விடவில்லை. மகள் தாதியாக வேலை செய்கிறாள். இரவு வேலை முடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். கடையில் பச்சையரிசி வாங்கி வைத்தாலும் அவளுக்குக் கஞ்சி அரிசிதான் வேண்டும். பொங்கி முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, மேலே பட்டர் வைத்துப் படியில் வைப்பாள். அது நம்முடைய வழக்கம் இல்லையே என்று ஒரு முறை விருந்துக்கு வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், கிண்ணத்தை எடுக்கவில்லை.

போன பொங்கலுக்கும் தம்பி காணொளியில் வந்தான். அங்கே மத்தியானம் கடந்துவிட்டது. கிணற்றடியில் காலையில் பொங்கிய இடம் இன்னும் கறுப்பாக இருந்தது. மூன்று கல்லும் அப்படியே கிடந்தன, பின்னால் முட்கம்பி வேலி. சரியாகப் பொங்கியதா என்று கேட்டோம். பொங்கியது, பயறுதான் கொஞ்சம் வேகவில்லை என்றான். பிறகு எங்கள் யன்னலின் இருட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“அண்ணை, அங்கை சூரியன் வந்திட்டுதோ?”

“இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. பால் வைச்சிட்டம்.”